பொது எழுத்துப் பயிற்சி: விக்கிப்பீடியாவா, வலைப்பதிவா, சமூக ஊடகமா?

கல்லூரியில் எழுதும் கட்டுரைக்கு ஒரே ஒரு வாசகர்தான், மதிப்பெண் போடும் ஆசிரியர். எவ்வளவு சலித்தாலும் கடைசி வரி வரை படிப்பது அவர் வேலை. இணையத்தில் வந்து விழும் வாசகருக்கு அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 1997இல் வெளியிட்ட சோதனை முடிவுகளின்படி, புதிய இணையப் பக்கத்தைத் திறந்தவர்களில் 79 சதவீதம் பேர் மேலோட்டமாகக் கண்ணை ஓட்டினார்கள்; சொல் சொல்லாகப் படித்தவர்கள் 16 சதவீதம்தான். இப்படி எந்தக் கட்டாயமும் இல்லாத இணைய வாசகருக்கு எழுத மாணவர்களைப் பழக்க வேண்டுமென்றால் எங்கே எழுதச் சொல்வது?

கல்லூரியின் உள் தளத்தில் கடவுச்சொல்லுக்குப் பின்னால் எழுதவைப்பதை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. அங்கே வகுப்புக்கு வெளியே ஒருவரும் படிக்கப் போவதில்லை. பாதுகாப்பான ஒத்திகை மேடை, அவ்வளவுதான். மிச்சம் இருப்பவை மூன்று.

முதலில் விக்கிப்பீடியா. 2001இல் தொடங்கிய இந்தத் தளத்தில் எழுதும் மாணவருக்கு முதல் நாளே ஒரு அதிர்ச்சி கிடைக்கலாம்: முகம் தெரியாத யாரோ ஒருவர் அவர் எழுதிய பத்தியை இரவோடு இரவாக நீக்கியிருப்பார். ஏன் என்று பார்த்தால் சான்று இல்லை, அல்லது மாணவர் ‘தலைசிறந்த’, ‘ஒப்பற்ற’ என்று புகழ்ந்து தள்ளியிருப்பார், அல்லது எங்கிருந்தோ அப்படியே எடுத்து ஒட்டியிருப்பார். ஆசிரியர் சிவப்பு மையில் பத்து முறை எழுதியும் உறைக்காதது, இந்த ஒரு நீக்கத்தில் உறைத்துவிடும். ஒவ்வொரு கட்டுரைக்கும் விவாதத்துக்கென்றே இருக்கும் உரையாடல் பக்கத்தில் போய்த் தன் வாக்கியத்துக்கு ஆதரவாகப் பேச வேண்டிவரும்போதுதான், தான் எழுதியதை முன்பின் தெரியாதவர் எப்படிப் படிக்கிறார் என்பது புரியத் தொடங்குகிறது. மூன்று வழிகளில் இந்த அனுபவத்துக்கு அதிக வாய்ப்புத் தருவது இதுதான்.

ஆசிரியருக்கும் வசதி உண்டு. ஒவ்வொரு திருத்தமும் பக்க வரலாற்றில் பதிவாகிவிடுவதால், யார் எந்த வரியை எப்போது சேர்த்தார் என்று துல்லியமாகத் தெரியும். ஆனால் எழுதியது பக்கத்தில் நிலைத்ததா என்பதை வைத்து மதிப்பெண் போடக் கூடாது. நல்ல பத்தியும் நீக்கப்படலாம். மோசமான பத்தி யார் கண்ணிலும் படாமல் கிடக்கலாம். மாணவர் எந்தச் சான்றைத் தேடிப் பிடித்தார், ஆட்சேபத்துக்கு என்ன பதில் சொன்னார் என்பதைப் பார்ப்பதே நியாயம்.

சிக்கல்களும் இருக்கின்றன. வகுப்பே கடைசி நாள் இரவில் அரைகுறைப் பத்திகளைக் கொட்டிவிட்டுப் போனால், அதைக் கூட்டிப் பெருக்குவது சம்பளமில்லாத தன்னார்வலர்கள். அதனால் முதலில் மணல்தொட்டி எனப்படும் பயிற்சிப் பக்கத்தில் பழகுவது, அப்புறம் ஒரு பக்கத்தில் விடுபட்ட சான்றைச் சேர்ப்பது, அதன்பிறகே சொந்தமாக ஒரு பத்தி என்று படிப்படியாகப் போக வேண்டும். செயற்கை நுண்ணறிவு எழுதித் தந்ததைச் சரிபார்க்காமல் ஒட்டும் ஆசைக்கும் அங்கே இடமில்லை. அப்படி உருவான பக்கங்களை விவாதமின்றி உடனே நீக்க 2025இல் ஆங்கில விக்கிப்பீடியா தனி விதியே கொண்டுவந்தது. இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்: அங்கே எழுதுவது கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின்கீழ் வருகிறது; அதாவது மூலத்தைக் குறிப்பிட்டு யார் வேண்டுமானாலும் எடுத்தாளலாம். ஒருமுறை கொடுத்த அனுமதியைத் திரும்பப் பெற முடியாது.

பெரிய குறை, அங்கே சொந்தக் கருத்துக்கு இடமே கிடையாது. வாதிடவும், நகைச்சுவையாகச் சொல்லவும், ‘நான் இதை ஏற்கவில்லை’ என்று எழுதவும் பழக வேறு இடம் தேவை. அதற்குத்தான் வலைப்பதிவு. தலைப்பு வைப்பது, முதல் பத்தியிலேயே விஷயத்தைப் போடுவது, சரியான இடத்தில் இணைப்புக் கொடுப்பது எல்லாம் இங்கே நன்றாகப் படியும்.

ஆனால் ஆளுக்கொரு வலைப்பதிவு என்ற ஏற்பாடு பெரும்பாலும் சொதப்பிவிடுகிறது. வாசகரே வருவதில்லை. வகுப்புத் தோழர்கள் கடமைக்கு ‘அருமை’ என்று போட்டுவிட்டுப் போவார்கள், பருவம் முடிந்ததும் எல்லாம் பாழடைந்துவிடும். மொத்த வகுப்புக்கும் ஒரே பொதுத் தளம், அதில் மாணவர்களே மாறி மாறி ஆசிரியர் குழுவாக இருப்பது என்றால் கதை வேறு. இன்னொருவர் எழுத்தைத் திருத்தி, ‘இந்தத் தகவல் எங்கிருந்து வந்தது?’ என்று கேட்கும்போது தன் எழுத்தின் ஓட்டைகளும் தெரிய ஆரம்பிக்கும். அமெரிக்காவின் மேரி வாஷிங்டன் பல்கலைக்கழகம் மாணவர்களுக்குச் சொந்த இணைய முகவரியே கொடுத்து, படிப்பு முடிந்தபின் அதைக் கையோடு எடுத்துப் போகவும் வழி செய்தது. கல்லூரிக்குப் பின்னும் எழுதப் போகிறவருக்கு அது அருமையான ஏற்பாடு. மற்றவர்களுக்குப் பொதுத் தளமே போதும்.

சமூக ஊடகத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வாசகர்கள் வேகமாக வருவார்கள், உண்மைதான். ஆனால் நிதானமாக எழுதியதைவிடச் சூடாக எழுதியதற்கே அங்கே விருப்பக்குறி அதிகம் விழும். மாணவர் கற்றுக்கொள்வதும் அதைத்தான். வசை வந்தால் வகுப்பில் எல்லோர்மீதும் ஒரே அளவில் விழுவதும் இல்லை. பொதுத் தளத்தில் வந்த கட்டுரையை எக்ஸ் (முன்னாள் ட்விட்டர்) பதிவுபோல 280 எழுத்துகளுக்குள் சுருக்கும் பயிற்சிக்கு மட்டும் இதைப் பயன்படுத்தலாம், அதுவும் வகுப்பின் பொதுக் கணக்கில்.

ஒரே ஒரு பருவம்தான் கையில் இருக்கிறதென்றால், முதல் பாதி விக்கிப்பீடியா, இரண்டாம் பாதி பொதுத் தளம் என்று வைப்பேன். வரிசையை மாற்றினால் வேலைக்காகாது. சான்று கேட்டுக் கேட்டுப் பழகியவரின் வாதத்தில் தானாகவே ஒரு கனம் இருக்கும். ஆசிரியர் தாமே விக்கிப்பீடியாவில் நாலு பத்தி எழுதி, அதில் ஒன்றாவது நீக்கப்பட்ட அனுபவம் இல்லாதவர் என்றால், அதை விட்டுவிட்டு முழுப் பருவமும் பொதுத் தளத்தையே நடத்தலாம். எங்கே எழுதவைத்தாலும் புனைபெயருக்கு அனுமதி வேண்டும். வெளியிடவே விருப்பமில்லை என்பவர் அதே கட்டுரையை ஆசிரியரிடம் மட்டும் தரலாம். காரணம் கேட்கவும் வேண்டாம், மதிப்பெண் குறைக்கவும் வேண்டாம்.