என்.பி.ஏ. கைவிட்டால் எங்கே போவது? ஜி லீக், ஐரோப்பா, சீனா, ஜப்பான், மணிலா

அமெரிக்காவின் முதன்மைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வில் 30 அணிகள். ஒவ்வொன்றிலும் 15 பேருக்கு முழு ஒப்பந்தம், 3 பேருக்கு என்.பி.ஏ.விலும் கீழ்நிலை லீக்கிலும் மாறி மாறி ஆடும் இருவழி ஒப்பந்தம். கூட்டினால் 540 இடம். அமெரிக்கக் கல்லூரிகளில் முதல் டிவிஷனில் மட்டும் 350க்கு மேற்பட்ட அணிகள் ஆடுகின்றன. அணிகள் புது ஆட்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் ஆண்டுக்கு எடுப்பதோ அதிகபட்சம் 60 பேரை. அந்த 60லும் ஒரு பங்கு ஐரோப்பாவிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் வருகிறவர்களுக்குப் போய்விடும். மிச்சமுள்ள பையன்களில் பந்தை விட மனசில்லாதவர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு விமானம் ஏறுகிறார்கள்.

எந்த நாட்டுக்கு ஏறுவது என்பதில்தான் குழப்பம். லீக்குகளை ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் சம்பளக் கணக்கைப் போட்டு முடித்துக்கொள்கிறார்கள். சம்பளம் முக்கியம்தான், இல்லையென்று யார் சொன்னது? ஆனால் ஊர் விட்டு ஊர் போய் ஆடுகிறவனுக்கு அதைவிட அவசரமான கேள்வி ஒன்று உண்டு. தொடர்ந்து மூன்று ஆட்டம் சொதப்பினால் என்ன ஆகும்? இதைக் கேட்டுக்கொண்டு ஒவ்வொரு லீக்காகப் பார்த்தால் வரிசையே மாறிவிடுகிறது.

முதலில் ஜி லீக். இது வெளிநாடு இல்லை, என்.பி.ஏ.வே நடத்தும் கீழ்நிலை லீக். ஆனாலும் வெளிநாட்டுக் கிளப்புகளுக்கு முதல் போட்டி இதுதான். 2024-25 சீசனில் இங்கே சாதாரண ஒப்பந்தக்காரருக்கு 43,000 டாலர். அதே சீசனில் இருவழி ஒப்பந்தக்காரருக்கு 5,78,577 டாலர். என்.பி.ஏ.வில் புதுமுகத்தின் குறைந்தபட்சச் சம்பளம் அப்போது 11,57,153 டாலர். ஒரே உடைமாற்றும் அறையில் பக்கத்தில் உட்கார்ந்து ஷூ கட்டுகிறவன் பதின்மூன்று மடங்குக்கு மேல் வாங்குகிறான் என்றால் பாஸ் கொடுக்க யாருக்கு மனசு வரும்? எல்லோரும் தங்கள் தங்கள் புள்ளிக்கணக்குக்காக ஆடுகிறார்கள் என்ற புகார் இந்த லீக்கின் மீது எப்போதும் உண்டு. அதில் நியாயமும் உண்டு.

ஆனால் ஜி லீக்குக்கு ஒரு பலம் இருக்கிறது, அதை மறுக்க முடியாது. சாதாரண ஜி லீக் ஒப்பந்தக்காரரை எந்த என்.பி.ஏ. அணியும் சீசன் நடுவே எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம். ஐரோப்பாவில் கையெழுத்துப் போட்டுவிட்டால் அது அவ்வளவு எளிதில் நடக்காது. கிளப் விட வேண்டும், விடுவிப்புத் தொகை கட்ட வேண்டும், உலகக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபாவின் அனுமதிக் கடிதம் வர வேண்டும். அந்த ஒரு போன் அழைப்புக்காகத்தான் பையன்கள் காத்திருக்கிறார்கள். ஓராண்டு காத்திருப்பது சரி. மூன்றாண்டு காத்திருப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

ஐரோப்பா வேறு உலகம். அங்கே ஏணி இருக்கிறது, கீழ்ப்படியிலிருந்து ஏறலாம். கைல் ஹைன்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். உயரம் 6 அடி 6 அங்குலம், ஆடும் இடம் கூடைக்கு அருகில் நிற்கும் சென்டர். என்.பி.ஏ.வில் அந்த இடத்துக்கு ஏழடி ஆட்களைத் தேடுவார்கள். 2008 டிராஃப்டில் அவரை யாரும் எடுக்கவில்லை. இத்தாலியின் இரண்டாம் டிவிஷனில் வெரோலி என்ற சிறிய கிளப்பில் தொடங்கினார். அங்கிருந்து ஜெர்மனியின் பாம்பெர்க், அப்புறம் கிரேக்கத்தின் ஒலிம்பியாகோஸ். 2012, 2013 இரண்டு ஆண்டும் ஐரோப்பாவின் உச்சக் கிளப் போட்டியான யூரோலீக்கின் கோப்பை. பிறகு மாஸ்கோவின் சி.எஸ்.கே.ஏ.வுக்குப் போய் 2016லும் 2019லும் மறுபடி கோப்பை. 2024இல் ஓய்வு பெறும்வரை என்.பி.ஏ.வில் ஒரு நிமிடம்கூட ஆடியதில்லை. குறுக்கே வரும் ஏழடி ஆளின் இடுப்புக்குக் கீழே இடம்பிடித்து நகரவிடாமல் தடுப்பதும், வெளியே பந்தை நகர்த்தும் கார்டு ஒருவன் எதிரே வந்தால் அவனுக்கும் ஈடுகொடுத்து ஓடுவதும்தான் அவர் தொழில். ஐரோப்பியக் கோச்சுகளுக்கு அது போதும்.

மைக் ஜேம்ஸ் இன்னொரு வகை. 2012 டிராஃப்டில் விடுபட்டவர், இத்தாலியின் கீழ்நிலை லீக்குகள் வரை இறங்கி ஆடியவர். 2024இல் கிரேக்க நட்சத்திரம் ஸ்பனூலிஸைத் தாண்டி யூரோலீக் வரலாற்றிலேயே அதிகப் புள்ளி எடுத்தவரானார். நடுவில் ஃபீனிக்ஸ், நியூ ஆர்லியன்ஸ், புரூக்ளின் என்று என்.பி.ஏ.விலும் தலைகாட்டிவிட்டு வந்தார். ஒவ்வொரு முறையும் ஐரோப்பாவில் அவருக்கு இடம் காலியாகவே இருந்தது.

ஐரோப்பாவில் சம்பளம் பெரும்பாலும் வரி போகக் கையில் வரும் தொகையாகவே பேசப்படும். வரியைக் கிளப் கட்டிவிடும். தங்க வீடு, ஓட்டக் கார் இரண்டும் ஒப்பந்தத்திலேயே இருக்கும். அமெரிக்காவில் ஏஜென்ட் சொல்லும் பெரிய எண்ணையும் இங்கே சொல்லும் சிறிய எண்ணையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம். மாறாக உழைப்பு கடுமை. காலையும் மாலையும் பயிற்சி, ஆட்டம் 40 நிமிடம்தான், அதில் நட்சத்திரத்துக்கே 30 நிமிடத்தைத் தாண்டிக் கிடைப்பது அரிது. சராசரி 15 புள்ளி எடுத்தால் ராஜா. மூன்று ஆட்டம் சொதப்பினால் கோச் பெஞ்சில் உட்காரவைப்பார், வீட்டுக்கு அனுப்பமாட்டார். இது முதல்நிலைக் கிளப்புகளுக்குப் பொருந்தும்.

கீழ்நிலைக் கிளப்புகளில் கதை வேறு. தோற்கத் தொடங்கியதும் சம்பளம் தள்ளிப்போகும், டிசம்பர் சம்பளம் மார்ச்சிலும் வராது என்ற புலம்பல் இந்தத் தொழிலில் பழசு. அதற்காகத்தான் ஃபிபா 2007இல் ஜெனீவாவில் ஒரு நடுவர் மன்றத்தை அமைத்தது. எந்த நாட்டுச் சட்டத்தையும் பிடித்துத் தொங்காமல், ஒரே நடுவர் நியாயம் எது என்று பார்த்துத் தீர்ப்புச் சொல்வார். பணம் கட்டாத கிளப் புது ஆட்களைப் பதிவு செய்ய முடியாமல் தடை விழும். ஆனால் ஒப்பந்தத்தில் அந்த மன்றத்தின் பெயர் இருந்தால்தான் வழக்கு அங்கே போகும். கையெழுத்துப் போடும் முன் தேட வேண்டிய முதல் வரி அதுதான், காரின் மாடல் அப்புறம் பார்க்கலாம்.

ஐரோப்பாவுக்குப் போனால் என்.பி.ஏ. மறந்துவிடும் என்பது பாதிதான் உண்மை. பி.ஜே. டக்கரை 2006இல் டொரான்டோ எடுத்தது, ஒரு சீசன் முடியும் முன்பே கழற்றிவிட்டது. இஸ்ரேல், உக்ரைன், கிரேக்கம், இத்தாலி, ஜெர்மனி என்று ஐந்தாண்டு சுற்றினார். 2012இல் ஃபீனிக்ஸ் கூப்பிட்டது. 2021இல் மில்வாக்கியோடு என்.பி.ஏ. கோப்பையைத் தூக்கினார். புள்ளி எடுப்பதைக் குறைத்துக்கொண்டு எதிரணியின் பெரிய ஆளை மடக்குவதை வேலையாக எடுத்துக்கொண்டதால் வந்த வாழ்வு அது.

இதற்கு நேர் எதிர் சீனா. ஜிம்மர் ஃபிரெடெட் 2011 டிராஃப்டில் பத்தாவதாக எடுக்கப்பட்டவர், என்.பி.ஏ.வில் ஒட்டவில்லை. 2016இல் ஷாங்காய் ஷார்க்ஸுக்குப் போனார். 2018 நவம்பரில் ஒரே ஆட்டத்தில் 75 புள்ளி, அதில் 40 கடைசிக் கால்பகுதியில் மட்டும். ஆட்டமோ 136-137 என்று தோல்வி! சீன லீக்கின் குணம் முழுக்க இந்த ஒரு ஸ்கோரில் இருக்கிறது. வெளிநாட்டு ஆட்டக்காரனைக் கொண்டுவருவதே புள்ளி எடுக்கத்தான். அவன் எத்தனை கால்பகுதி ஆடலாம் என்றுகூட லீக் அளந்துவைக்கிறது, உள்ளூர்ப் பையன்களுக்கும் நேரம் வேண்டுமே. அள்ளிக்கொடுப்பார்கள், ஆனால் சரிப்படாவிட்டால் அடுத்த ஆள் அடுத்த வாரமே வந்து இறங்குவான். எடுத்த புள்ளிகளுக்கு வெளியே மதிப்பும் குறைவு. 2019 மார்ச்சில் ஃபீனிக்ஸ் சன்ஸ் ஃபிரெடெட்டைக் கூப்பிட்டது, ஆறு ஆட்டத்தோடு கதை முடிந்தது.

சீனா என்றதும் எல்லோரும் ஸ்டெஃபான் மார்பரியைச் சொல்வார்கள். 2010இல் போனார், பெய்ஜிங் அணிக்கு 2012, 2014, 2015 என மூன்று கோப்பை வாங்கித் தந்தார், சிலை வைத்தார்கள், நிரந்தரமாகத் தங்கும் உரிமையும் கொடுத்தார்கள். எல்லாம் சரி. ஆனால் அவர் என்.பி.ஏ.வில் ஆல்-ஸ்டாராக ஆடி, பணமும் பேரும் பார்த்துவிட்டு அங்கே போனவர். 22 வயதில் யாருக்கும் தெரியாத பையன் அவரைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது.

பெண்கள் ஆட்டத்தில் இந்தப் பண ஈர்ப்பு இன்னும் அப்பட்டம். அமெரிக்க நட்சத்திரம் டயானா டௌராசி பெண்களுக்கான என்.பி.ஏ.வான டபிள்யூ.என்.பி.ஏ.வின் 2015 சீசனையே ஆடாமல் விட்டார், அப்படி ஓய்வெடுக்கச் சொல்லிப் பணம் கொடுத்ததே அவருடைய ரஷ்யக் கிளப். உள்ளூர்ச் சம்பளத்தைப் போலப் பல மடங்கு அங்கே கிடைத்தது. 2022இல் அமெரிக்க வீராங்கனை பிரிட்னி கிரைனர் மாஸ்கோ விமான நிலையத்தில் கைதானதும் அமெரிக்கப் பெண்களுக்கு அந்த வழி பெரும்பாலும் அடைபட்டுப்போனது.

பிலிப்பைன்ஸ் லீக்கில் ஒரு வேடிக்கை. வழக்கமாக அணிக்கு ஒரே ஒரு வெளிநாட்டுக்காரர், அவருக்கும் உயர வரம்பு. அந்த லீக்கின் தொடர்களில் ஒன்றான கவர்னர்ஸ் கோப்பைக்கு, ஆண்டைப் பொறுத்து, 6 அடி 5 அல்லது 6 அங்குலம்தான். வந்து இறங்கியதும் செருப்பைக் கழற்றி நிற்கவைத்து அளப்பார்கள், கூடுதலாக இருந்தால் திரும்பிப் போக வேண்டியதுதான். அமெரிக்காவில் குள்ளம் என்று ஒதுக்கப்பட்டவன் மணிலாவில் ‘கொஞ்சம் குறையக் கூடாதா’ என்று வேண்டிக்கொள்வான். என் கேள்விக்கு மிகக் கொடூரமான பதிலும் இங்கேதான். இரண்டு தோல்வி வந்தாலே ரசிகர்கள் புது ஆளைக் கேட்பார்கள், பல நேரம் கொடுத்தும் விடுவார்கள். ஜஸ்டின் பிரவுன்லீ 2016இல் பாராங்கய் ஹினேப்ரா அணிக்கு வந்ததே காயம்பட்ட இன்னொருவருக்கு மாற்றாகத்தான். அந்தத் தொடரின் இறுதிப் போட்டியில் கடைசி நொடியில் மூன்று புள்ளி எறிந்து கோப்பையைப் பறித்தார், மணிலா அவரைத் தத்தெடுத்துக்கொண்டது. 2023இல் பிலிப்பைன்ஸ் குடியுரிமை பெற்று, அதே ஆண்டு ஹாங்சோ ஆசிய விளையாட்டில் அந்த நாட்டுக்குக் கூடைப்பந்தில் 1962க்குப் பிறகு முதல் தங்கம் வாங்கித் தந்தார். அவரைப் போல ஒருவர் என்றால், வந்த வேகத்தில் திரும்பிப்போனவர்கள் எத்தனையோ பேர்.

ஆஸ்திரேலியாவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆங்கிலம் பேசும் ஊர், ஒழுங்கான லீக், சம்பள உச்சவரம்பு உண்டு. அமெரிக்க இளைஞர் லமெலோ பால் ஒரு சீசன் ஆடிவிட்டு 2020 டிராஃப்டில் மூன்றாவதாகப் போனதால் பிரபலமான இடம். இப்போது கல்லூரியிலேயே சட்டப்படி பணம் கிடைப்பதால் அமெரிக்கப் பதினெட்டு வயதுக்காரர்களுக்கு அந்தப் பாதையின் தேவை குறைந்துவிட்டது. பிரைஸ் காட்டன் போலப் பல ஆண்டு தங்கி, பலமுறை சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்குகிறவர்களுக்கு அது நல்ல ஊர்.

ஜப்பானைத்தான் பலரும் குறைத்து மதிப்பிடுகிறார்கள். 2016இல் இரண்டு லீக்குகளைச் சேர்த்து உருவானது பி.லீக். சீசனுக்கு 60 ஆட்டம், பெரும்பாலும் சனியும் ஞாயிறும் ஒரே எதிரணியோடு. சனிக்கிழமை உன்னை மடக்கியவன் ஞாயிறு மதியம் மறுபடி எதிரில் நிற்பான், கற்றுக்கொள்ள இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. ஒரே நேரத்தில் களத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட வெளிநாட்டுக்காரர்கள் நிற்கலாம் என்பதால் பாரம் ஒருவன் தலையில் மட்டும் விழாது. மூன்று ஆட்டம் சொதப்பினால் நான்காவது ஆட்டம் இருக்கும். நிக் ஃபசேகஸ் 2007 டிராஃப்டில் 34ஆவதாக எடுக்கப்பட்டவர், 2012 முதல் 2024 வரை காவாசாகி அணியிலேயே இருந்தார். 2018இல் ஜப்பான் குடியுரிமை பெற்றார். உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் நான்கு ஆட்டம் தொடர்ந்து தோற்றிருந்த ஜப்பான், அந்த ஜூனில் அவரும் ஜப்பானிய நட்சத்திரம் ஹாச்சிமுராவும் சேர்ந்ததும் ஆஸ்திரேலியாவை ஒரு புள்ளியில் வென்றது, பிறகு அந்தச் சுற்றில் தோற்கவே இல்லை.

என்னைக் கேட்டால், தடுப்பாட்டம் தெரிந்த 22 வயதுப் பையன் ஜி லீக்கில் ஒரே ஒரு சீசன் பார்க்கலாம். அழைப்பு வரவில்லையென்றால் இத்தாலியிலோ ஜெர்மனியிலோ சம்பளம் ஒழுங்காகத் தரும் சின்னக் கிளப், அது இரண்டாம் டிவிஷனானாலும் பரவாயில்லை. புள்ளி எடுப்பதைத் தவிர வேறொன்றும் தெரியாதவன் சீனாவுக்குப் போய் இரண்டு வருடத்தில் சேர்த்ததைப் பத்திரப்படுத்திக்கொள்ளட்டும். முப்பதைத் தொட்டு, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க வேண்டியவனுக்கு ஜப்பான். மணிலாவுக்கு மட்டும் திரும்பி வரும் டிக்கெட்டையும் சேர்த்தே போட்டுக்கொண்டு போவது நல்லது.