‘தைராய்டு சப்போர்ட்’ டப்பாக்கள்: எந்த மருந்தால் வந்தது என்று கேட்காமல் வாங்கலாமா?

பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலோ பினாங்கு லெபோ பாசாரிலோ ஒரு மூலிகைக் கடைக்குள் போய், “அண்ணே, தைராய்டுக்கு ஏதும் இருக்கா?” என்று கேட்டால் கவுண்டருக்கு வருபவை பெரும்பாலும் நான்கு. அமுக்கரா (அஸ்வகந்தா) கேப்சூல், காஞ்சனார குக்குலு மாத்திரை, கடற்பாசியும் டைரோசினும் செலினியமும் கலந்த ‘தைராய்டு சப்போர்ட்’ டப்பா, லேபிள் இல்லாத பொடிப் பொட்டலம். இதயத் துடிப்புக்கோ மனநலத்துக்கோ புற்றுநோய்க்கோ சாப்பிட்ட மருந்தால் தைராய்டு கெட்டவர்களுக்கு இவை எப்படி என்பதே இந்த மதிப்பீடு. அயோடின் குறைவால் கழுத்து வீங்கியவருக்கு இது பொருந்தாது.

முதலில் கடற்பாசி டப்பா. மிகவும் கவலை தருவது இதுதான். சீரற்ற இதயத்துடிப்புக்குத் தரும் அமியோடரோனின் எடையில் ஏறக்குறைய 37 விழுக்காடு அயோடின். ஒரு 200 மில்லிகிராம் மாத்திரையில் 75 மில்லிகிராம் அயோடின் இருக்கிறது. அதில் தினமும் 6, 7 மில்லிகிராம் பிரிந்து இரத்தத்தில் கலக்கும். வயது வந்தவருக்கு ஒரு நாளைக்குத் தேவை 150 மைக்ரோகிராம். அதாவது தேவையைப் போல் 40 மடங்குக்கு மேல் ஏற்கெனவே உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. சுரப்பி திணறுவதே அயோடின் வெள்ளத்தால். அதன் மேல் கடற்பாசி கொடுப்பது நிரம்பி வழியும் தொட்டிக்கு இன்னொரு குழாயைத் திறப்பது. அந்த அயோடினின் அளவும் நிலையானதல்ல. கடற்பாசியின் இனத்தையும் அறுவடையையும் பொறுத்துப் பல மடங்கு மாறும். மனநல மருந்தான லித்தியம் சாப்பிடுபவருக்கும் இதே தடை. லித்தியம், சுரப்பி ஹார்மோனை வெளியே விடுவதைத் தடுக்கிறது. மிகை அயோடினும் அதையே செய்யும். இரண்டும் சேர்ந்தால் டி.எஸ்.எச். ஏறக்கூடும். தைராய்டு சுரப்பியை வேலை வாங்க மூளையடியிலிருந்து வரும் ஹார்மோன் அது; தைராய்டு குறைந்தால் ஏறும், மிகையானால் இறங்கும்.

அதே டப்பாவிலுள்ள டைரோசின் பருப்பிலும் முட்டையிலும் போதுமான அளவு கிடைக்கும் அமினோ அமிலம். மருந்தால் வந்த பாதிப்பு அதன் பற்றாக்குறையால் வந்ததல்ல. செலினியத்தில் ஒரே எச்சரிக்கை: மல்டிவைட்டமினிலும் அது இருக்கும், எல்லாம் சேர்த்து நாளுக்கு 400 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது.

அடுத்து அமுக்கரா. இதற்கு மனித ஆய்வு கொஞ்சம் உண்டு. 2018இல் வெளியான ஆய்வில், லேசான தைராய்டு குறைவு உள்ள 50 பேரில் ஒரு பிரிவினர் தினம் 600 மில்லிகிராம் வேர்ச் சாறு எடுத்தார்கள்; 8 வாரத்தில் டி.எஸ்.எச். இறங்கி, தைராய்டு சுரக்கும் ஹார்மோன்களான டி3, டி4 ஏறின. கடைக்காரர் சொல்லும் ‘ஆராய்ச்சி’ பெரும்பாலும் இதுதான். அந்த 50 பேருக்கும் மருந்தால் வந்த பாதிப்பு இல்லை. அவர்கள் எடுத்தது செறிவாக்கிய சாறு. அலமாரியிலுள்ள பல டப்பாக்களில் இருப்பதோ வெறும் வேர்ப் பொடி. லேபிளில் ‘சாறு’ என்று எழுதி, அமுக்கராவின் முக்கிய வேதிப்பொருளான விதனோலைடின் விழுக்காட்டைப் போடாவிட்டால் இரண்டையும் ஒப்பிடவே முடியாது. 1998இல் வந்த எலி ஆய்வு வேறு அடிக்கடி மேற்கோளாகும். அதில் எடைக் கிலோவுக்குத் தினம் 1.4 கிராம் வீதம் 20 நாள் கொடுத்தார்கள். உடற்பரப்புக் கணக்கில் மாற்றினால் 60 கிலோ மனிதருக்கு ஏறத்தாழ 7 கிராம், 500 மில்லிகிராம் கேப்சூலில் 14.

அமுக்கரா ஹார்மோனைக் கூட்டக்கூடும் என்பதே இங்கே ஆபத்தும். அமியோடரோனால் தைராய்டு குறைவது மட்டுமல்ல, மிகையாவதும் உண்டு. படபடப்பும் எடைக் குறைவும் உள்ளவர் ‘தைராய்டு’ என்ற ஒரே சொல்லைச் சொல்லி இதை வாங்கினால், எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றியது போலாகும். இதைச் சாப்பிட்டு தைராய்டு மிகையானவர்களும் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறார்கள். கர்ப்பிணிகள் தொடவே வேண்டாம்.

காஞ்சனார குக்குலு பழைய மருந்து. கண்டமாலை எனும் கழுத்துக் கட்டிகளுக்காகச் சொல்லப்பட்டது. மந்தாரைப் பட்டை, திரிபலா, திரிகடுகம், குக்குலு பிசின் ஆகியவை முக்கியச் சரக்குகள். ஹார்மோன் குறைவுக்கென்று அது எழுதப்படவில்லை, ஆகவே அதைக் குறை சொல்ல முடியாது. குறை விற்பவரின் பேச்சில். இதன் சிக்கல் வேறு இடத்தில். தைராய்டு மிகையில் கைநடுக்கத்துக்கும் படபடப்புக்கும் தரும் புரோப்ரனலோலின் அளவை குக்குலு இரத்தத்தில் குறைக்கிறது. இதய மருந்தான டில்டியாசெமுக்கும் அதே கதி. திரிகடுகத்திலுள்ள மிளகின் பைப்பரினோ புரோப்ரனலோலைக் கூட்டுகிறது. ஒரே மாத்திரைக்குள் ஒன்று இழுக்க ஒன்று தள்ளுகிறது. எது வெல்லும் என்பது அளவையும் ஆளையும் பொறுத்தது. மருத்துவர் பார்த்துப் பார்த்து அமைத்த டோஸ் குலைவதற்கு இது போதும்.

இவ்வளவு இருந்தும் ‘எனக்குக் கேட்டுச்சு’ என்பவர்கள் பொய் சொல்வதில்லை. மருந்தால் சுரப்பி அழற்சி வந்தால் சேமித்திருந்த ஹார்மோன் ஒழுகி முதலில் மிகையாகும், பிறகு வற்றிக் குறைவாகும், பலருக்குச் சில மாதங்களில் தானாகவே சீராகும். மூன்று மாத கோர்ஸ் என்று டப்பாவில் போட்டிருப்பதும் அதே கால அளவுதான். காலம் ஆற்றியதற்கு கேப்சூல் பெயர் வாங்கிக்கொள்கிறது. தைராய்டு மிகைக்குத் தரும் கார்பிமசோல் அதிகமாகி ஹார்மோன் குறைந்தவருக்கும் அப்படியே: மருத்துவர் டோஸைக் குறைத்தால் சில வாரங்களில் மீளும். நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் போன்ற புற்றுநோய் மருந்துகளால் கெட்ட சுரப்பியோ பெரும்பாலும் மீளாது. தைராய்டு ஹார்மோன் மாத்திரையான லெவோதைராக்சின் தொடர வேண்டியிருக்கும், மூலிகையை நம்பி அதை நிறுத்துவதில் எந்த லாபமும் இல்லை. லித்தியத்தாலோ அமியோடரோனாலோ ஹார்மோன் குறைந்தால் பொதுவாக அந்த மருந்தை நிறுத்த வேண்டியதில்லை, லெவோதைராக்சினைச் சேர்த்தாலே சமாளிக்கலாம். தானாக நிறுத்துவது மிக ஆபத்து. அமியோடரோன் உடலை விட்டுப் போகவே மாதக்கணக்காகும் என்பதால் நிறுத்தினாலும் உடனே பலன் தெரியாது.

பொடிப் பொட்டலத்துக்கு நீண்ட மதிப்பீடு தேவையில்லை. அரசுப் பதிவெண்ணான எம்.ஏ.எல். (MAL) எண் இல்லை, வாங்க வேண்டாம். மலேசியாவில் பதிவான பொருளில் எம்.ஏ.எல். என்பதை அடுத்து 8 இலக்கமும் ஓர் எழுத்தும் இருக்கும். பாரம்பரிய மருந்துக்கு ‘டி’ (T), உணவுத் துணைப்பொருளுக்கு ‘என்’ (N). மருந்துகளைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான என்.பி.ஆர்.ஏ.யின் குவெஸ்ட் 3 பிளஸ் தளத்தில் அந்த எண்ணைத் தட்டி, வரும் பெயரும் டப்பாவின் பெயரும் ஒன்றா என்று பாருங்கள். ஹோலோகிராம் ஒட்டுவில்லையும் இருக்க வேண்டும். ஆனால் ‘டி’ பதிவு என்பது ஈயம், ஆர்செனிக், பாதரசம் முதலிய பாதுகாப்புச் சோதனைகளைத் தாண்டியதற்கான அடையாளம். தைராய்டைக் குணமாக்கும் என்பதற்கான சான்றிதழ் அல்ல. இணையத்தில் வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர்களுக்கு ஒரு தகவல்: 2013இல் அமெரிக்காவில் 10 தைராய்டு துணைப்பொருள்களைச் சோதித்ததில் 9இல் டி3 ஹார்மோனே இருந்தது. ‘சாப்பிட்ட வாரமே சுறுசுறுப்பு’ எங்கிருந்து வருகிறது என்று புரியும்.

வாங்கியே ஆக வேண்டும் என்றால் சில நடைமுறைகள். லெவோதைராக்சினை வெறும் வயிற்றில் தண்ணீரோடு மட்டும் எடுத்து, தே தாரிக்குக்கும் ரொட்டி சானாய்க்கும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் பொறுங்கள். கால்சியம், இரும்பு கலந்த டப்பா எதுவானாலும் அதிலிருந்து 4 மணி நேரம் தள்ளி எடுங்கள். முடிக்கும் நகத்துக்கும் என்று 5, 10 மில்லிகிராம் பயோட்டின் எனும் வைட்டமின் எடுப்பவர்கள் இரத்தப் பரிசோதனைக்குக் குறைந்தது 2 நாள் முன்பே நிறுத்த வேண்டும். இல்லையேல் சில ஆய்வக முறைகளில் டி.எஸ்.எச். பொய்யாகக் குறைந்தும் டி4 பொய்யாக ஏறியும், இல்லாத தைராய்டு மிகையைக் காட்டும். டோஸ் மாறினால் அடுத்த டி.எஸ்.எச். 6 முதல் 8 வாரம் கழித்து. அந்த இடைவெளியில் புதிய மூலிகை எதையும் தொடங்காதீர்கள், எதனால் எண் மாறியது என்று யாராலும் சொல்ல முடியாமல் போகும். அமியோடரோன் எடுப்பவர்கள் 6 மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும், நிறுத்திய பிறகும் ஓராண்டு வரை.

கிளினிக்குக்குப் போகும்போது பெயரை மட்டும் சொல்லாமல் டப்பாவையே கையோடு கொண்டுபோங்கள். கார்பிமசோல் எடுக்கும்போது காய்ச்சலோடு தொண்டை வலி வந்தால் மருந்தை நிறுத்தி, அன்றே இரத்த அணுக்களைச் சோதிக்க வேண்டும். கஷாயம் வைத்துப் பார்க்கும் நேரமல்ல அது. அமுக்கரா தொடங்கிய பின் சிறுநீர் கருத்தாலோ கண் மஞ்சளித்தாலோ கேப்சூலை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். அதன் பிறகு பக்கவிளைவைப் பயனீட்டாளரே தெரிவிப்பதற்கான என்.பி.ஆர்.ஏ.யின் கான்செர்ஃப் படிவத்தில் புகார் எழுதலாம். அதற்கு பேட்ச் எண் வேண்டும், எனவே காலி டப்பாவைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.