கரண்ட் வந்தும் செர்வர் எழும்பாமல் நின்றால்: குரோனி எப்படி?

கல்முனை, காத்தான்குடிப் பக்கக் கடைகளில் பில் அடிக்கும் லினக்ஸ் செர்வருக்கு இது பழகிய நோய். கரண்ட் வந்ததும் செர்வர் மளமளவென்று எழும்பும். 4ஜி ரவுட்டர் இன்னும் சிக்னல் தேடிக்கொண்டிருக்கும். பூட் ஸ்கிரிப்டில் நெற்றிலிருந்து நேரம் எடுக்கும் பழைய என்டிபிடேட் கட்டளை கிடந்தால், டிஎன்எஸ் (செர்வர் பெயரை முகவரியாக்கும் சேவை) பதில் வரும்வரை பின்னால் உள்ளதெல்லாம் வரிசையில் நிற்கும்.

நெற்றைக் கேட்டுக் கணினியின் நேரத்தைச் சரிசெய்யும் மென்பொருளான குரோனி இந்த இடத்தில் கெட்டிக்காரன். நேரம் சொல்லும் செர்வரின் பெயரைத் தேடும் வேலையைப் பின்னணியில் வைத்துக்கொள்வதால், நெற் இல்லாமலே எழும்பிவிடும். லினக்ஸ் நிறுவனமான ரெட் ஹாட் 2019இல், தன் லினக்ஸின் 8ஆம் பதிப்போடு, இதே வேலைக்கான பழைய என்டிபிடியைக் கைவிட்டு இதையே வைத்துக்கொண்டது. ஒற்றை டெஸ்க்டொப்புக்கு, சிஸ்டம்டியோடு (லினக்ஸில் சேவைகளைத் தொடக்கி நிறுத்தும் மென்பொருள்) வரும் டைம்சிங்க்டி போதும்.

குரோனியின் கொன்பிக்கில், நேர செர்வர்களைக் குறிக்கும் பூல் வரியோடு, தொடக்கத்தில் விரைவாக நேரம் கேட்க ஐபர்ஸ்ட் சேர்க்கவும். 'மேக்ஸ்டெப் 1.0 3' கட்டாயம்: முதல் மூன்று அளவீடுகளுக்குள் பிழை ஒரு செக்கனுக்கு மேல் இருந்தால் நேரத்தை ஒரே தாவலில் திருத்தும், பிறகு மெல்ல மெல்லத்தான் நகர்த்தும். 'ஆர்டிசிசிங்க்' இருந்தால், நேரம் சரியான பிறகு கேர்னலே 11 நிமிடத்துக்கு ஒருமுறை போர்டின் கடிகாரத்தில் எழுதும். செர்வரை நிறுத்தும்போது அதில் எழுதத் தனி ஸ்கிரிப்ட் எதற்கு? 'இனிட்ஸ்டெப்ஸ்லூ' வரி கிடந்தால் தூக்கிவிடவும், தொடக்கத்தில் காத்திருக்க வைப்பது அதுதான்.

இத்தனைக்கும் பிறகு பூட் இழுத்தால் பழியைக் குரோனி மேல் போடாதீர்கள். நேரம் சரியாகும்வரை காத்திருக்கும் 'குரோனி-வெயிட்' தனிச் சேவை, 180 செக்கன் வரை பிடித்து வைக்கும். அதே வேலைக்கான சிஸ்டம்டியின் 'டைம்-வெயிட்-சிங்க்' இன்னும் மோசம், அதற்குக் கால எல்லையே இல்லை. எங்கிருந்தோ கொப்பி பண்ணிய கட்டளையால் இவை இயக்கப்பட்டிருக்கும். 'சிஸ்டம்டி-அனலைஸ் பிளேம்' போட்டால் ஆள் அகப்படும். தேவையில்லாவிட்டால் டிசேபிள். பில் மென்பொருளுக்குச் சரியான நேரம் வேண்டுமென்றால், குரோனி-வெயிட்டை இயங்கவிட்டு, அதன் காத்திருப்பு எல்லையான 'டைம்அவுட்ஸ்டார்ட்செக்'கை 30 செக்கன் ஆக்கி, அந்த மென்பொருளின் சேவையில் மட்டும், எதற்குப் பிறகு தொடங்குவது என்று சொல்லும் 'ஆஃப்டர்' வரியில் 'டைம்-சிங்க் டார்கெட்' கொடுக்கவும்.

செர்வரை நிறுத்தும்போது 'ஸ்டொப் ஜொப்' என்று 90 செக்கன் வரை எண்ணுவது சிஸ்டம்டியின் வழமையான எல்லை. தொடங்கிய வரிசைக்குத் தலைகீழாகவே சேவைகள் நிற்கும். கையால் எழுதிய சேவையில் 'ஆஃப்டர்' வரியில் நெற்வேர்க் இல்லாவிட்டால், நெற் முதலில் போய்விடலாம். அந்தச் சேவை வராத பதிலுக்குக் காத்துக் கிடக்கும். அந்த வரியைப் போட்டு, நிறுத்தும் எல்லையான 'டைம்அவுட்ஸ்டொப்செக்' 10 செக்கன் வைக்கவும். யூபிஎஸ் பற்றரி தளர்ந்த கடையில் 90 செக்கன் பெரிய காலம்.

குரோனியால் முடியாத ஒன்றும் உண்டு. போர்டின் 2032 பற்றரி செத்திருந்தால், நெற் வருமுன் அடித்த பில்லில் பழைய திகதிதான் விழும். அதற்குப் புதுப் பற்றரி போடவேண்டியதுதான்.