பச்சை-மஞ்சள் ஒயரைப் பார்த்ததும் நிம்மதி அடைந்துவிடாதீர்கள்

"குழாயைத் தொட்டா சுருக்குனு இழுக்குதும்மா" என்று அம்மா பாத்ரூமிலிருந்து சொன்னபோது நான் நம்பவில்லை. ஈரக்கையோடு நானே தொட்டுப் பார்த்தேன். முழங்கை வரை ஏறியது. அதற்கு இரண்டு வாரம் முன்புதான் தண்ணீர்க் குழாய் வேலை முடிந்திருந்தது. இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. உங்களுக்காவது தோன்ற வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்களுடையது பழைய வீடு. மண்ணுக்குள்ளிருந்து வரும் செம்புக் குழாய்தான் வீட்டுக்கே எர்த், அதாவது கசியும் மின்சாரம் மண்ணுக்குள் இறங்கும் வழி. மெயின் போர்டிலிருந்து இறங்கும் ஒயரை, குழாய் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் கிளாம்ப் போட்டு இறுக்கியிருந்தார்கள். கசிவு பார்க்க வந்த பிளம்பர் மண்ணுக்குள் இருந்த செம்பை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் குழாய் போட்டார். உள்ளேயும் ஒழுகிய இடங்களில் பிளாஸ்டிக் துண்டுகளைச் சேர்த்தார். கடைசியில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயிண்ட். "இந்த ஒயர் எதுக்கு?" என்று கேட்டேன். "அது பழசு மேடம், சும்மா கிடக்கு" என்றார்.

சும்மா கிடக்கவில்லை. எங்கள் உயிர் அந்த ஒயரில்தான் இருந்தது. ஒயர் அதே இடத்தில் இருக்க, அது பிடித்திருந்த செம்புக்கும் மண்ணுக்கும் இருந்த தொடர்பு போய்விட்டது. கீசரின் காயிலில் பழுது வந்தபோது, கசிந்த மின்சாரம் எர்த் ஒயர் வழியாகக் குழாய்களுக்கு வந்து நின்றுகொண்டது. போர்டில் தானாக அணையும் சுவிட்சான எம்.சி.பி. விழ வேண்டுமானால் பெரிய கரண்ட் ஓட வேண்டும். ஓட வழியில்லாததால் அது விழவில்லை. ஈரத்தரையில் நின்று குழாயைத் தொடுபவர்தான் வழி. குழாய்க்குள் தண்ணீர் இருக்கிறதே, அது கடத்தாதா என்று சிலர் கேட்கிறார்கள். சாதாரணக் குடிநீர் நிரம்பிய 15 மி.மீ. பிளாஸ்டிக் குழாயில் ஒரு மீட்டர் நீளத்துக்கே லட்சம் ஓம் அளவில் தடை இருக்கும். எர்த்துக்கு அது உதவவே உதவாது.

ஷாக் அடித்த மறுநாள் ஓர் எலக்ட்ரீஷியனை அழைத்தேன். எனக்கு இன்றும் ஆறாத கோபம் இவர் மேல்தான். "பாண்டிங் விட்டுப்போச்சு" என்று, அதாவது குழாய்களை எர்த்தோடு சேர்க்கும் இணைப்பு போய்விட்டது என்று, சரியாகவே சொன்னார். எர்த்துக்கென்று புதிய பச்சை-மஞ்சள் ஒயர் இழுத்து, பளபளவென்று ஒரு கிளாம்ப் போட்டு, எச்சரிக்கைச் சீட்டும் கட்டினார். அளந்து பார்க்கும் மல்டிமீட்டரைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. "கீசரை ரெண்டு நாள் போடாதீங்க" என்று சொல்லிவிட்டு முழுக் கூலியும் வாங்கிக்கொண்டு போனார். கீசர் போடாத வரை ஷாக் இல்லை. போட்டதும் திரும்ப வந்தது. நடுவில் அந்த இரண்டு நாளும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நம்பி அம்மாவைக் குளிக்க அனுப்பிக்கொண்டிருந்தேன். நினைத்தால் இன்னும் நெஞ்சு பதறுகிறது.

மூன்றாவதாக வந்த இன்னோர் எலக்ட்ரீஷியன் கிளாம்பைக் கழற்றி, அடியில் இருந்த பெயிண்டைப் பிளேடால் சுரண்டினார். வெள்ளை. பிளாஸ்டிக் குழாயின் மேல் எர்த் கிளாம்ப்! மல்டிமீட்டரை வைத்துக் காட்டினார்: அந்த ஒயருக்கும் பாத்ரூம் குழாய்க்கும் தொடர்பே இல்லை.

அவர் கீசரை மாற்றச் சொன்னார். மண்ணில் தனியாக எர்த் கம்பி இறக்கி, அதன் தடையை அளந்து எழுதிக் கொடுத்தார். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. போட்டார். நீளமாக ஓடும் செம்புப் பகுதிகளில் பெயிண்டைச் சுரண்டி, வெறும் உலோகத்தின் மேல் கிளாம்ப் வைத்து, நடுவில் இருந்த பிளாஸ்டிக் துண்டுகளைத் தாண்டி ஒயரால் இணைத்தார். இரண்டு முனைகளுக்கும் இடையே தடை ஓர் ஓமுக்கும் கீழே என்று மீட்டர் காட்டிய பிறகுதான் கருவிகளை எடுத்து வைத்தார். இருபுறமும் பிளாஸ்டிக்காக, எதையும் தொடாமல் நிற்கும் ஒரு சின்னச் செம்புத் துண்டை மட்டும் விட்டுவிட்டார். அதையும் இணைத்தால், வேறெங்கோ வரும் பழுதின் மின்சாரத்தை நாமே அங்கே கொண்டுபோனது போலாகும் என்றார். கண்ணில் படும் உலோகத்துக்கெல்லாம் ஒயர் கட்டுவது பாதுகாப்பு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

பிளம்பரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "கரண்ட் வேலை என்னோடது இல்ல மேடம்." முதலில் வந்த எலக்ட்ரீஷியனோ, "பெயிண்டுக்குள்ள பிளாஸ்டிக் இருந்தா எனக்கெப்படித் தெரியும்?" என்றார். அளந்திருந்தால் தெரிந்திருக்கும்.

செம்புக் குழாயில் கை வைக்கும் முன் "வீட்டு எர்த் இதை நம்பி இருக்கிறதா?" என்று பாருங்கள். இருந்தால், அறுப்பதற்கு முன் வேறு எர்த் ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். சில வீடுகளில் அந்தக் குழாய் வழியே நியூட்ரல் கரண்டும், அதாவது வீட்டிலிருந்து திரும்பிப் போகும் கரண்டும், ஓடும். அறுத்த இரு முனைகளையும் பிடிக்கும் பிளம்பருக்கே அது ஆபத்து. அறுக்கும் இடத்தின் இருபுறத்தையும் இணைக்கும் ஒரு ஜம்பர் ஒயரைத் தற்காலிகமாகவாவது கட்டாமல் அறுக்கக் கூடாது. தண்ணீர் மீட்டரையோ ஃபில்டரையோ நம்பி எர்த் தொடர்ச்சியை விடக்கூடாது என்று அமெரிக்க மின்விதியே சொல்கிறது. அவற்றைக் கழற்றினாலே தொடர்பு அறுந்துவிடும்.

இதைப் படிக்கும்போது உங்கள் வீட்டுக் குழாயிலும் அந்தச் சுருக் இருந்தால், முதலில் மெயினை அணையுங்கள். கீசரை மட்டும் நிறுத்திவிட்டுக் குளிக்கப் போகாதீர்கள்.