'ஆச்சி வீட்டு வண்டி' என்று சொன்னால் டேஷ்போர்டைத் திறந்து பாருங்கள்

காரைக்குடியில் பழைய கார் விற்கும் கன்சல்டிங் கடை ஒன்றில் தேவகோட்டைக் குடும்பம் ஒன்று 2014 மாடல் டீசல் ஹேட்ச்பேக் வாங்கியது. விலை 3,85,000 ரூபாய். மீட்டரில் 48,200 கிலோமீட்டர். "அண்ணே, ஆச்சி வீட்டு வண்டி. பிள்ளைங்கள்லாம் சிங்கப்பூர்ல. கல்யாணம், படைப்புன்னு ஊருக்கு வந்தா மட்டும் எடுப்பாங்க" என்று சொல்லித்தான் விற்றார்கள். செட்டிநாட்டில் இந்தப் பேச்சு சட்டென்று எடுபடும். ஆண்டுக்குப் பத்து மாதம் பூட்டிக் கிடக்கும் வீடுகளும் அவற்றில் ஓடாமல் நிற்கும் கார்களும் இங்கே நிஜமாகவே உண்டு.

மூன்று வாரத்தில் ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில் குறைந்தது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் வண்டி எண்ணைத் தட்டிப் பார்த்தபோது 2019-ல் நடந்த கடைசி சர்வீஸிலேயே 1,12,640 என்று பதிவாகியிருந்தது. டேஷ்போர்டு பெட்டியில் ஓனர் மேனுவலுக்கு அடியில் மடித்த தாள் ஒன்று கிடந்தது. வண்டியைச் சோதித்து அந்தக் கடை எழுதும் செக் ஷீட்டின் கார்பன் காப்பி. 'ஆயில் அடிக்குது, டர்போ பிளே, கிளட்ச் போகணும், வலது முன் கதவு பட்டி' என்று மெக்கானிக் கையெழுத்தில் நாலு வரி. அதாவது இன்ஜின் ஆயில் குடிக்கிறது, டர்போவில் ஆட்டம் இருக்கிறது, கிளட்ச் மாற்ற வேண்டும், கதவில் பள்ளத்தைப் பட்டி பூசி நிரப்பியிருக்கிறார்கள். வாங்கியவர் கையில் கொடுத்திருந்த ஷீட்டில் எல்லாக் கட்டத்திலும் 'ஓகே'.

மெக்கானிக் உண்மையைத்தான் எழுதியிருக்கிறார். அதற்கு அந்தக் கடையில் இடமில்லை. பல கன்சல்டிங்குகளில் சம்பளக் கணக்கு எப்படி ஓடுகிறது என்று பார்த்தால் காரணம் தெரியும். முதலாளி வண்டிக்கு ஒரு 'நெட்' விலை சொல்வார், 3,40,000 என்று வையுங்கள். சேல்ஸ் பையனுக்குக் கைச்சம்பளம் சொற்பம். நெட்டுக்கு மேல் விற்கும் பணத்தில் மூன்றில் ஒரு பங்கு அவனுக்கு. 3,85,000-க்குத் தள்ளினால் மேல்பணம் 45,000, அவன் பங்கு 15,000. மெக்கானிக் எழுதிய வேலைகளைச் செய்தால் அந்த 45,000-மும் கரைந்துவிடும். இந்த லட்சணத்தில் மெக்கானிக் பதில் சொல்ல வேண்டிய ஆளும் அதே சேல்ஸ் பையன்தான். ஷீட் திருத்தி எழுதப்படாமல் போனால்தான் அதிசயம். லோன் போட்டால் ஃபைனான்ஸிலிருந்து ஒரு கமிஷன், இன்சூரன்ஸில் இன்னொன்று என்பதும் சேர்ந்துகொள்ளும். 'ரொக்கமா வேண்டாம்ணே, லோன் போட்டுக்கலாம்' என்று வற்புறுத்துவது உங்கள் வசதிக்காக அல்ல.

சுவரில் 'நேர்மையே எங்கள் முதலீடு' என்று போர்டு மாட்டுவதால் இது மாறாது. ஒழுங்கான கடையில் வண்டி உள்ளே வந்த அன்றே நம்பர் பிளேட்டையும் மீட்டரையும் படம் எடுத்து, தேதியோடு ஃபைலில் வைத்திருப்பார்கள். செக் ஷீட்டில் மெக்கானிக் பெயரும் கையெழுத்தும் இருக்கும், அசல் வாங்குபவருக்குப் போகும். சேல்ஸ் ஆளுக்கு வண்டிக்கு இவ்வளவு என்று ஒரே தொகை, அதிலும் பாதி ஆர்.சி. பெயர் மாறிய பிறகு. மெக்கானிக் நேராக முதலாளியிடம் பேசுவார். செக் பண்ணிய மெக்கானிக்கோடு ஐந்து நிமிஷம் தனியாகப் பேச வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். 'அவர் லீவு', 'எங்ககிட்டயே கேளுங்கண்ணே' என்று இழுத்தால் எழுந்து வந்துவிடலாம். அட்வான்ஸைக் கடைக் கணக்கில் வாங்காமல் யாரோ ஒருவரின் ஜிபேக்கு அனுப்பச் சொல்வதும் அதே ரகம்தான்.

இனி வண்டி. மீட்டரை நம்பாதீர்கள், தேய்மானத்தை நம்புங்கள். 48,000 ஓடிய வண்டியில் கிளட்ச், பிரேக் பெடல் ரப்பரின் வரிகள் அழிந்திருக்காது. ஸ்டீயரிங்கில் இரண்டு கையும் பிடிக்கும் இடம் பளபளக்காது. டிரைவர் சீட்டின் கதவுப் பக்க விளிம்பு நசுங்கியிருக்காது. தேவகோட்டை வண்டியில் பெடல் ரப்பர் புதுசு, அதன் கீழே இரும்பு மழுங்கியிருந்தது. பழைய காரில் பெடல் ரப்பர் மட்டும் புதிதாக இருந்தால் அது அலங்காரத்துக்கு மாட்டியதல்ல. மீட்டரைப் பின்னால் சுற்றுகிறவர்கள் பெரும்பாலும் டிஸ்ப்ளேயை மட்டும் மாற்றுவார்கள். சில வண்டிகளில் இன்ஜின் கம்ப்யூட்டரிலோ ஏர்பேக் யூனிட்டிலோ பழைய எண் அப்படியே இருக்கும், ஸ்கேனர் உள்ள ஆட்டோ எலக்ட்ரீஷியன் எடுத்துக் காட்டுவார். பணம் கொடுக்கும் முன் கம்பெனி சர்வீஸ் ஹிஸ்டரியை ஓனர் மூலம் வாங்கிப் பாருங்கள். இந்தக் குடும்பம் பணம் கட்டிய பிறகுதான் அதைச் செய்தது.

டீசல் வண்டியைக் காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். முன்கூட்டி ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போங்கள், போனதும் பானெட்டில் கை வையுங்கள். சுட்டால் எதையோ மறைக்கிறார்கள். ஸ்டார்ட் ஆனதும் முதல் இரண்டு விநாடி கேட்கும் சங்கிலிச் சத்தம் டைமிங் செயின் தளர்ந்திருப்பதைச் சொல்லும். நன்றாகச் சூடான பிறகு ஆக்ஸிலரேட்டர் மிதிக்காமல் ஐடிலில் ஓடவிட்டு ஆயில் மூடியைத் திறந்தால் லேசாகக் காற்று வரும். புகை குப் குப்பென்று அடித்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. பெயின்ட் கனம் பார்க்கும் மீட்டர் வைத்தால் கம்பெனி பெயின்ட் பொதுவாக 80 முதல் 150 மைக்ரான் காட்டும். 200-ஐத் தாண்டினால் மறு பெயின்ட், 500-க்கு மேல் போனால் அடியில் பட்டி.

2015, 2023 டிசம்பர் வெள்ளங்களில் சென்னையில் முங்கிய கார்களில் பல இப்படிக் கடைகள் வழியாகக் கைமாறியவை. சீட் பெல்ட்டை முழுசாக வெளியே இழுங்கள், கடைசி அரை அடியில் சேற்றுக் கோடு தெரியும். சீட் தண்டவாளத்தின் ஸ்க்ரூக்களில் துருவும் கார்பெட்டுக்கு அடியில் மண்ணும் இருக்கும். ஷாம்பூ வாசனை கமகமவென்று வந்தால் இன்னும் கவனமாகப் பாருங்கள்.

உண்மையிலேயே ஆச்சி வீட்டு வண்டியாக இருந்தாலும் சும்மா நின்ற வண்டி நல்ல வண்டி என்று அர்த்தமில்லை. டயர் பக்கவாட்டில் 'டிஓடி' எழுத்தை அடுத்து வரும் கடைசி நாலு எண்ணைப் படியுங்கள். 2314 என்றால் 2014-ன் 23-வது வாரம். டயரின் பட்டன் தேயாமல் முழுசாக இருந்தாலும் பத்து வருஷ ரப்பர் நெடுஞ்சாலையில் வெடிக்கலாம். முகப்புக்குப் பக்கத்து ஷெட்டில் மாசக்கணக்கில் நின்றால் எலி வயரைக் கடித்திருக்கும், பிரேக் காலிப்பர் பிடித்திருக்கும், டேங்கில் பெட்ரோல் பிசினாகியிருக்கும். ஐந்து டயர், பேட்டரி, பிரேக் ஆயில், கூலன்ட், பெல்ட் எல்லாவற்றுக்கும் விலை கேட்டு, அதைக் கழித்துப் பேசுங்கள்.

காகிதத்தில்தான் இந்தக் குடும்பம் இரண்டாவது அடி வாங்கியது. ஐந்து மாதம் ஆகியும் ஆர்.சி. பழைய ஓனர் பேரிலேயே இருந்தது. கடையில் இருந்தது தேதி போடாமல் அவர் கையெழுத்து மட்டும் போட்ட, பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30. ஒரே மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் 14 நாளிலும் வாங்கியவர் 30 நாளிலும் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். 2023 ஏப்ரல் 1 முதல் பழைய கார் விற்கும் டீலர் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரச் சான்று வாங்க வேண்டும். ஓனரிடமிருந்து டீலர் வண்டியை எடுத்ததும் படிவம் 29சி-யில் அறிவிப்பு போக வேண்டும், அதிலிருந்து பொறுப்பு டீலருடையது. கடையில் அந்தச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். வெளிநாட்டுக்குத் திரும்பும் அவசரத்தில் ஓப்பன் பேப்பரில் கையெழுத்துப் போட்டுவிட்டு விமானம் ஏறும் நம்மவர்களுக்கும் இது பொருந்தும். விபத்து நடந்தால் பதிவில் பெயர் இருப்பவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இன்சூரன்ஸையும் 14 நாளில் உங்கள் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுங்கள். பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் கேட்காததற்கான தள்ளுபடி, உங்களுக்கு வராது. பழைய லோன் இருந்திருந்தால் பேங்க் கடிதத்தோடு படிவம் 35 போட்டு எச்.பி. (ஆர்.சி.யில் உள்ள லோன் அடமானப் பதிவு) கேன்சல் ஆகியிருக்கிறதா என்று அரசின் பரிவாகன் இணையதளத்தில் பார்த்துவிட்டு மீதிப் பணம் கொடுங்கள்.

ஜிஎஸ்டி என்று சொல்லி முழு விலைக்கும் 18 சதவீதம் கேட்கும் கடைகளும் உண்டு. 2025 ஜனவரி முதல் பழைய கார்களுக்கு 18 சதவீதம் என்பது சரிதான். ஆனால் அது கடைக்காரர் வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்குத்தான். அந்த வித்தியாசம் 45,000 என்றால் வரி 8,100. 3,85,000 முழு விலைக்குப் போட்டால் 69,300.

ஏமாந்துவிட்டால் போனில் சண்டை போட்டுக்கொண்டிருக்க வேண்டாம். சர்வீஸ் ஹிஸ்டரி பிரின்ட், விளம்பரப் படம், வாட்ஸ்அப் பேச்சு, பணம் அனுப்பிய ரசீது, இரண்டு செக் ஷீட் எல்லாவற்றையும் இணைத்துப் பதிவுத் தபாலில் 15 நாள் கெடு கொடுத்து நோட்டீஸ் அனுப்புங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதியுங்கள். பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், கெடு இரண்டு ஆண்டு, கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. 'பார்த்துத்தானே எடுத்தீங்க' என்பார்கள். பார்த்து எடுத்தது 48,200 என்ற பொய்யை.

தேவகோட்டைக்காரருக்குக் கடை 25,000 தருவதாகச் சொன்னது, அவர் வாங்கவில்லை, நோட்டீஸ் போயிருக்கிறது. அந்த மெக்கானிக் இப்போது அங்கே வேலையில் இல்லை. செக் ஷீட் புத்தகம் இன்னும் மேசையில் இருக்கிறது, கார்பன் தாள் மட்டும் வைப்பதில்லையாம்.