நுவரெலியாவுக்கு வேன் ஹயர் பேசுகிறவர்கள் இதைப் படிச்சிட்டுப் பேசுங்க

ஜனவரி, பெப்ரவரியில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நுவரெலியா போக நினைக்கிற நம்ம ஆட்களுக்குத்தான் இது. ஆறாயிரம் அடிக்கு மேல் இருக்கிற ஊர், விடியக்காலையில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கும், தேயிலைக் கொழுந்தே கருகிப்போகிற குளிர். அந்தக் குளிரில்தான் கைக்குழந்தையோடும் அம்மாயியோடும் எங்களை நடுரோட்டில் விட்டார் ஒரு வேன்காரர்.

மஸ்கெலியாவில் இருந்து போய்வர முழுநாள் ஹயர், வெயிட்டிங் காசு கிடையாது, ஹீட்டர் இருக்கு என்று போனில் பேச்சு, கூடவே பளபளவென்று ஒரு புது வேனின் படம். பாதிக் காசை முன்கூட்டியே பேங்கில் போடச் சொன்னார், போட்டோம். காலையில் வந்தது வேறு வண்டி. "அது கராஜில நிக்குது அண்ணே, இதுவும் நல்ல வண்டிதான்" என்றார். பிள்ளைகள் உடுத்திக்கொண்டு நிற்கும்போது யார் சண்டை போடுவது? ஹீட்டரைத் திருகினால் டீசல் வாடையோடு குளிர்க்காற்று வருகிறது. பக்கத்து ஜன்னல் முழுதாக மூடவில்லை, இடைவெளியில் பேப்பரைத் திணித்து வைத்திருந்தார், தலவாக்கலை தாண்டும்போது அதுவும் பனியில் ஊறித் தொங்க, தங்கச்சி மகனின் சட்டைக் கை நனைந்துவிட்டது.

சரி, போய்ச் சேர்ந்தால் போதும் என்றுதான் இருந்தோம். கிரகரி வாவியில் இறக்கிவிட்டு, "இங்க பார்க்கிங் இல்ல, கோல் எடுங்க வாறேன்" என்று போனவரின் போன் அதற்குப் பிறகு வேலை செய்யவே இல்லை. கம்பளி, சுடுதண்ணி பிளாஸ்க், குழந்தையின் பால்மா எல்லாம் வேனில். வாவிக் காற்று முகத்தில் அறைகிறது, அம்மாயி சேலைத் தலைப்பால் காதை மூடிக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தார், அவர் பேசாமல் இருந்தால் உடம்புக்கு முடியவில்லை என்று அர்த்தம். பக்கத்தில் ஒரு சின்னத் தேத்தண்ணிக் கடையில் உள்ளே கூப்பிட்டு அடுப்புப் பக்கம் இருக்க விட்டார்கள், அவர்கள் நன்றாக இருக்க வேண்டும்.

பொழுது சாயத்தான் வேன் வந்தது. பின்சீட்டில் யாருடையதோ ஒரு மப்ளர், எங்களுடையது இல்லை. கேட்டால் சிரிக்கிறார். நானுஓயா ஸ்டேசன் அங்கிருந்து எட்டுக் கிலோமீற்றர்தான், ரயிலில் வருகிற சுற்றுலாக்காரர்களை ஏற்றி இறக்கி எங்கள் காசிலேயே இன்னொரு ஹயர் ஓடியிருக்கிறார்.

சாப்பாட்டுக்கு அவர் கூட்டிப்போன கடையில் விலைப் பலகையும் இல்லை, கேட்டும் பில்லும் இல்லை. விலையைக் காட்டி வைப்பதும் கேட்டால் பில் கொடுப்பதும் கடைக்காரரின் கடமை, இல்லையென்றால் நுகர்வோர் அதிகாரசபையின் 1977 என்ற போன் நம்பருக்கு அடியுங்க.

எனக்கு ஆத்திரம் தீராதது திரும்பும் வழிதான். இருட்டு, பனிமூட்டம், அதில் ரதல்ல குறுக்குப் பாதையில் திருப்பினார். 2023 ஜனவரியில் பஸ்ஸும் வேனும் மோதி ஏழு பேர் செத்த அதே சரிவு. மெயின் ரோட்டால் போங்க என்று மச்சான் சொன்னதற்கு, "டீசல் என்ன விலை தெரியுமா?" என்றார். அப்புறம் ஹட்டனில் ஓரங்கட்டி, வெயிட்டிங் காசு 5,000 வைத்தால்தான் மஸ்கெலியா, இல்லாவிட்டால் இறங்குங்க என்றார். பொலிசுக்கே போவோம் என்று மச்சான் இறங்கி நடந்த பிறகுதான் வாய் அடங்கியது.

ஹயர் பேசினால் வண்டி நம்பர், மொத்தக் காசு, எந்தப் பாதை, வெயிட்டிங் இல்லை என்பது எல்லாவற்றையும் வட்ஸ்அப்பில் எழுத்தில் வாங்குங்க. வேறு வண்டி வந்தால் ஏறுவதற்கு முன்பே விலையைத் திரும்பப் பேசுங்க. கம்பளியும் பிளாஸ்கும் கையிலேயே இருக்கட்டும். அந்த ஆள் அதே புது வேன் படத்தைப் போட்டு இன்னமும் ஹயர் பிடிக்கிறார், நேற்றும் பார்த்தேன்.