டிரெய்லர் ஸ்மோக்கர்: நேர் ஓட்டமா, திரும்பு ஓட்டமா?

250 கேலன் பழைய புரொப்பேன் எரிவாயு டேங்கில் செய்து, வண்டியில் இழுத்துச் செல்லும் ஸ்மோக்கருக்கு (விறகுப் புகையில் இறைச்சி வேகவைக்கும் அடுப்பு), மத்திய டெக்சாஸில் பழகிய முறை புகையின் நேர் ஓட்டம். ஒரு முனையில் நெருப்புப்பெட்டி, மறுமுனையில் புகைபோக்கி. சீக்கிரம் சூடேறும். ஆனால் நெருப்புப் பக்கம் இருக்கும் பிரிஸ்கெட் (மாட்டு நெஞ்சுக்கறி) முந்திக் கருகும். இடம் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

திரும்பு ஓட்டத்தில் இறைச்சி வைக்கும் கம்பித்தட்டுக்குக் கீழே கால் அங்குல இரும்புத் தகடு. புகை அதன் அடியில் கடைசிவரை போய், மேலேறித் திரும்பி, நெருப்புப்பெட்டிப் பக்கமே வெளியேறும். சூடு சீராக இருக்கும். சூடேற விறகும் நேரமும் கூடுதல். தகட்டைச் சுற்றிலும் வெல்டிங் செய்துவிட்டால் விரிய இடமின்றி வளையும். கொழுப்பு வடியும் குழாயை நோக்கித் தகட்டில் சரிவு இல்லையென்றால் கொழுப்பு தேங்கித் தீப்பிடிக்கும். முதல்முறை செய்பவருக்கு நேர் ஓட்டமே நல்லது.

எதுவானாலும், வாயுவை முழுக்க வெளியேற்றித் தண்ணீர் நிரப்பாமல் டேங்கில் வெட்டு வைக்காதீர்கள். எஞ்சிய வாயு வெடிக்கும்.